மனவரைபடமா, கருத்து வரைபடமா, வரிக்குறிப்பா: வகுப்பறையில் எதை எப்போது தேர்வது?

பாடத்தை விளக்கி முடித்த பிறகு எஞ்சியிருக்கும் 15 நிமிடங்களில் மாணவர்களை என்ன செய்யச் சொல்வது என்பது ஆசிரியருக்கு நாள்தோறும் எழும் கேள்வி. ‘மனவரைபடம் வரையுங்கள்’ என்பது இன்று பலருக்கும் முதலில் வாயில் வருகிற விடையாகிவிட்டது. பயிற்சி வகுப்புகளில் அதைப் பரிந்துரைக்கிறார்கள். வகுப்பைப் பார்வையிட வருபவர்களுக்கும் சுவரில் தொங்கும் வண்ண வரைபடங்கள் மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் அதே 15 நிமிடங்களில் கருத்து வரைபடம் வரையச் சொல்லலாம்; வரிவரியாகக் குறிப்பு எழுதச் சொல்லலாம்; அட்டவணை போடச் சொல்லலாம்; புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவில் நிற்பதை மட்டும் எழுதச் சொல்லலாம். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்பதைப் பாடத்தின் வடிவம் தீர்மானிக்க வேண்டும். ஆனால் எந்தக் கருவியை எடுத்தாலும், அதை யார் வரைகிறார், வரையும்போது புத்தகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தே பலனில் பெரும்பகுதி அமைகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களின் பேச்சில் மனவரைபடம், கருத்து வரைபடம் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வழங்குகின்றன; ஆனால் அவை வேறு வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. மைண்ட் மேப் என்ற பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பூசன். 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரின் வழியாக அது பொதுமக்களிடம் சென்று சேர்ந்தது. பொருள்களைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் வழக்கமோ அவருக்கு மிக முந்தையது; 3ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் போர்ஃபிரியின் பகுப்பு முறையை ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகள் மர வடிவில் வரைந்து காட்டியிருக்கின்றன. கருத்து வரைபடத்தின் கதை வேறு. 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும், அறிவியலைப் பற்றிய குழந்தைகளின் புரிதல் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பதை நேர்காணல்கள் மூலம் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். குவிந்து கிடந்த நேர்காணல் பதிவுகளிலிருந்து அந்த மாற்றத்தைப் பிடித்துக் காட்ட அவர்கள் உருவாக்கிய முறையே கருத்து வரைபடம். ஆக, ஒன்று குறிப்பெடுக்கும் உத்தியாகவும், மற்றொன்று ஒரு குழந்தை எதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று கண்டறியும் கருவியாகவும் தொடங்கின.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கோட்டில் இருக்கிறது. மனவரைபடத்தில் நடுவே ஒரே ஒரு தலைப்பு இருக்கும். அதிலிருந்து கிளைகள் பிரியும். கிளையிலிருந்து சிறுகிளைகள் பிரியும். கிளையின் மேல் ஒரு சொல் எழுதப்படும். இரண்டு சொற்களுக்கு இடையே ஓடும் கோடு ‘இதுவும் அதுவும் தொடர்புடையவை’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கருத்து வரைபடத்தில் நடுத்தலைப்பு என்ற கட்டாயம் இல்லை; சொற்கள் கட்டங்களுக்குள் இருக்கும்; ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்தத் தொடர்பு என்ன என்பதை எழுதியே ஆகவேண்டும். இந்தச் சிறிய கட்டாயம்தான் இரண்டையும் வெகுதூரம் பிரித்துவிடுகிறது.

தமிழ் இலக்கணத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சார்பெழுத்துகள் பத்து என்பது நன்னூலின் பகுப்பு. உயிர்மெய், ஆய்தம், உயிரளபெடை, ஒற்றளபெடை, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம் என்று பத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால், ஏழாவதுக்கு மேல் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவார்கள். அதையே மனவரைபடமாக வரையச் சொல்லும்போது, நடுவிலிருந்து பத்துக் கிளைகளை இழுக்கத் தாளில் இடம் போதாது. அந்த இடப் பற்றாக்குறையே மாணவரைத் தொகுக்க வைக்கிறது. குறுக்கம் என்று முடிபவை நான்கு, அளபெடை இரண்டு, ‘குற்றியல்’ என்று தொடங்குபவை இரண்டு, தனித்து நிற்பவை இரண்டு. பத்துக் கிளைகள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன. குற்றியலுகரம் என்ற கிளையின் கீழ் நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர், வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்று ஆறு சிறுகிளைகளும், அவற்றின் நுனியில் நாடு, எஃகு, வரகு, பாக்கு, பந்து, மார்பு என்று சொற்களும் வந்து அமர்கின்றன. வகை, உள்வகை, எடுத்துக்காட்டு என்று அடுக்கடுக்காக இறங்கும் பாடத்துக்கு மனவரைபடத்தைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

அதே பாடத்தில்தான் அதன் குறையும் வெளிப்படுகிறது. ‘நாடு’ என்ற சொல்லோடு ‘யாது’ சேரும்போது ‘நாடியாது’ என்றாகிறது. குற்றியலுகரத்தின் பின் யகரம் வந்ததால் அது குற்றியலிகரமாகத் திரிந்தது. அதாவது குற்றியலிகரம் குற்றியலுகரத்திலிருந்து பிறக்கிறது. ஆனால் வரைபடத்தில் அவை இரண்டும் ஒரே கிளையிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகளாக அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பதற்கு அங்கே எந்தச் சுவடும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஓர் அம்புக்குறி போட்டு, அதன் மேல் ‘யகரம் வந்தால் திரிந்து ஆவது’ என்று எழுதச் சொன்னால், அந்த ஓரிடத்தில் மட்டும் மனவரைபடம் கருத்து வரைபடமாக மாறிவிடுகிறது. நான் இப்போது இலக்கண வகுப்பில் இப்படிக் கலந்தே செய்யச் சொல்கிறேன். தூய்மையான மனவரைபட விதிகளைக் காப்பாற்றுவதால் மாணவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

காரணமும் விளைவும், ஓட்டமும் சுழற்சியும் மையமாக உள்ள பாடங்களில் மனவரைபடம் உதவாததோடு நில்லாமல், தவறான புரிதலுக்கே இடம் கொடுத்துவிடுகிறது. இரத்த ஓட்டப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ‘இதயம்’, சுற்றிலும் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், தமனி, சிரை, நுரையீரல் என்று கிளைகள், தமனிக் கிளையில் ‘ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்’, சிரைக் கிளையில் ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’. பார்க்க முழுமையாக இருக்கும் இந்தப் படத்தில் இரத்தம் எங்கும் ஓடவில்லை. அதைவிட மோசம், நுரையீரல் தமனி என்ற விதிவிலக்கு அதில் ஒளிந்துகொள்கிறது. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் அந்தத் தமனியில் இருப்பது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரையோ ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை இடது ஆரிக்கிளுக்குக் கொண்டு வருகிறது. கருத்து வரைபடமோ ஓட்டப்படமோ வரையும் மாணவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இங்கிருந்து எங்கே?’ என்று பதில் எழுதியாக வேண்டியிருப்பதால், இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஒன்று சரியாக எழுதுவார், அல்லது தவறாக எழுதித் தம் தவறை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுப்பார். இரண்டும் நல்லதே.

கருத்து வரைபடத்தைத் தமிழில் வரையும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுவதுண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வருவதால், கட்டம், கோடு, கட்டம் என்று படித்தால் தானாகவே வாக்கியம் அமைந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபும் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ‘நுரையீரல் தமனி’, ‘கொண்டு செல்கிறது’, ‘ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று எழுதினால் வாசிப்பு முறிகிறது. மாணவர்கள் கோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். இதற்கு எளிய தீர்வு, கோட்டின் மேல் வினைமுற்றுக்குப் பதிலாக வினையாலணையும் பெயரையோ தொழிற்பெயரையோ எழுதச் சொல்வது. ‘நுரையீரல் தமனி – கொண்டு செல்வது – ஆக்சிஜன் குறைந்த இரத்தம்’ என்று வரும்போது நல்ல தமிழ் வாக்கியமே கிடைத்துவிடுகிறது. ‘ஆவது’, ‘உள்ளடக்கியது’, ‘தேவைப்படுவது’, ‘தடுப்பது’, ‘பிறப்பது’ என்று ஏழெட்டுச் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால் முதல் வாரத்துத் தயக்கம் பெருமளவு குறைகிறது. மனவரைபடத்தில் ‘கிளைக்கு ஒரே சொல்’ என்ற விதியையும் நாம் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, தாளைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொள்வது நல்லது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், மனவரைபடத்தைப் பற்றிக் கூறப்படும் பெரிய வாக்குறுதிகளுக்கும் சான்றுகளுக்கும் இடையே இடைவெளி இருப்பது தெரிகிறது. பால் ஃபரண்டும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 50 மருத்துவ மாணவர்கள் 600 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் மனவரைபட முறையையும், மறுபிரிவினர் தமக்குப் பழகிய முறையையும் பின்பற்றினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மனவரைபடப் பிரிவினரின் நினைவு சுமார் 10 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த மதிப்பீட்டின் நம்பக எல்லை, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு, −1இலிருந்து 22 விழுக்காடு வரை விரிந்து சுழியத்தையும் உள்ளடக்கியிருந்ததால், அதை உறுதியான வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மேலும், தாம் பயன்படுத்திய முறையின்பால் அந்தப் பிரிவினருக்கு இருந்த ஊக்கம் மறுபிரிவினரைவிடக் குறைவாகவே இருந்தது. ‘மாணவர்கள் ஆர்வமாக வரைவார்கள்’ என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்பவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். மூளையின் வலப்பாதி, இடப்பாதி என்று சொல்லி வண்ணங்களுக்கும் படங்களுக்கும் தரப்படும் விளக்கத்தை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. படைப்பாற்றல் ஒரு பாதியிலும் தருக்கம் மறுபாதியிலும் குடியிருக்கின்றன என்ற எளிய பிரிவினையை நரம்பியல் ஏற்கவில்லை.

கருத்து வரைபடத்துக்கு ஆய்வுப் பின்புலம் இன்னும் வலுவானது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 11,814 பேரை உள்ளடக்கிய 142 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தது. மாணவர்கள் தாமே வரைந்தபோது விளைவளவு (ஒரு முறை எவ்வளவு பலன் தந்தது என்பதற்கான அளவு; 0 என்றால் பலனில்லை) 0.72, பிறர் வரைந்ததைப் படித்தபோது 0.43. இரண்டும் பயனுள்ளவைதான், ஆனால் வரைவதும் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜெஃப்ரி கார்பிக்கும் ஜானெல் பிளண்டும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் பாடப்பகுதியைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள். மற்றொரு பிரிவினர் பகுதியைப் படித்து, மூடிவைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். பிறகு மறுபடியும் படித்து மறுபடியும் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் மூடிவைத்து எழுதியவர்களே முன்னிலை பெற்றார்கள். நேரடியான வினாக்களில் மட்டுமின்றி, ஊகித்து விடையளிக்க வேண்டிய வினாக்களிலும் அதுவே நடந்தது. இறுதித் தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும் முடிவு மாறவில்லை. அதே ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. பகுதியை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்தே வரைபடம் வரைந்தவர்களும், நினைவிலிருந்தே பத்தியாக எழுதியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். பகுதியைப் பார்த்துக்கொண்டு செய்த இரு பிரிவினரும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வரைபடமா பத்தியா என்பதைவிட, புத்தகம் மூடியிருந்ததா என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது.

இந்த ஆய்வுகளைப் படிப்பதற்கு முன் எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லலாம். இரத்த ஓட்டத்தை மூன்று வண்ணங்களில் ஒரு பெரிய அட்டையில் நானே வரைந்து வகுப்பில் மாட்டியிருந்தேன். மாணவர்கள் குறிப்பேட்டில் அதைப் பார்த்து வரைந்துகொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்துவிட்டு, வெற்றுத்தாளில் வரையச் சொன்னேன். வண்ணங்கள் அத்தனையும் சரியாக வந்தன. எந்தக் கிளை எந்தப் பக்கம் வளைகிறது என்பதுகூடப் பிசகவில்லை. ஒரு மாணவனிடம், ‘நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் எங்கே போகிறது?’ என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், ‘மேலே, வலது மூலைக்கு’ என்றான். அவன் மனப்பாடம் செய்திருந்தது என்னுடைய அட்டையை.

ஆசிரியர் வரைந்து தருவது, பாதி வரைந்து மீதியை நிரப்பச் சொல்வது, மாணவரே முழுவதும் வரைவது என்ற மூன்றையும் நான் அதன் பிறகு வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஆசிரியரின் முழு வரைபடத்துக்கு ஒரே ஓர் இடம் உண்டு: ஒரு புதிய அலகைத் தொடங்கும்போது, இனி வரவிருக்கும் பாடங்கள் எப்படி இணைகின்றன என்று 3 நிமிடங்களில் காட்டுவதற்கு. பாதி வரைந்த படம், அந்த முறையை முதன்முதலாகப் பழகுபவர்களுக்கும், பாடமே புதிதாக இருப்பவர்களுக்கும் ஏற்றது. கட்டங்களை வெறுமையாக விடுவதைவிடக் கோடுகளை வெறுமையாக விடுவது கூடுதல் பலன் தருகிறது, ஏனெனில் கட்டத்துக்கான சொல்லை ஊகித்துவிடலாம், தொடர்பை ஊகிப்பது கடினம். முழுவதும் தாமே வரைவது நேரம் பிடிக்கும்; முதல் சில முயற்சிகள் அலங்கோலமாகவும் இருக்கும். அந்த நேரத்தைச் செலவிட மனமில்லாதபோது, மாணவர்களை வரையச் சொல்வதை விட்டுவிட்டு, மூடிய புத்தகத்தோடு ஐந்து வரி எழுதச் சொல்வதே மேல்.

வரிக்குறிப்பை இந்த ஒப்பீட்டில் பழைய முறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியன்று. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறிப்பெடுக்க வேண்டுமானால், மனவரைபடம் மிகவும் தொல்லை தரும் கருவி. பாடத்துக்கு எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்பது பாடம் முடியும்போதுதான் மாணவருக்குத் தெரியும். அதற்குள் தாளின் ஒரு பக்கம் நெரிசலாகவும் மறுபக்கம் காலியாகவும் ஆகிவிடும். பேச்சு வரிசையாக வருகிறது, குறிப்பும் வரிசையாக வருவதே இயல்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் வகுத்த முறையில், தாளின் இடப்புறம் ஒரு குறுகிய பத்தியை விட்டு, வலப்புறத்தில் குறிப்பெழுதி, பிறகு இடப்பத்தியில் அதற்கான வினாக்களை எழுதிக்கொள்ள வேண்டும். படிக்கும்போது வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வினாக்களுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். புத்தகத்தை மூடுவது என்ற செயல் அந்தத் தாளின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே கேட்கும்போது வரிக்குறிப்பு, கேட்டு முடித்த பின் அதைப் புரட்டி வைத்துவிட்டு வரைபடம் என்ற வரிசையை நான் விரும்புகிறேன். இரண்டு பொருள்களின் ஒற்றுமை வேற்றுமைகளை எழுத வேண்டிய பாடமானால் இவை எதுவும் வேண்டாம், இரண்டு பத்தி அட்டவணை போதும். கணக்கைத் தீர்க்கும் படிநிலைகளுக்கும் வரைபடம் தேவையில்லை. தீர்த்துப் பழகுவதே வழி.

பாடம் தொடங்குவதற்கு முன் மனவரைபடம் வரையச் சொல்வதற்கு நான் தனி மதிப்பு வைத்திருக்கிறேன். அப்போது அது படிப்புக் கருவியாக இல்லாமல், மாணவர்களின் தலைக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் எட்டிப் பார்க்கும் சன்னலாக அமைகிறது. ‘தாவரங்களின் உணவு’ என்று நடுவில் எழுதி 5 நிமிடம் கொடுத்தால், பலருடைய தாளில் ‘மண்’, ‘உரம்’ என்ற கிளைகள் தடிமனாகவும், ‘காற்று’ என்ற கிளை இல்லாமலும் இருக்கும். தாவரம் தன் உடலைப் பெரும்பாலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டும் நீரைக் கொண்டும் கட்டுகிறது என்பதை எங்கிருந்து தொடங்கி விளக்க வேண்டும் என்று அந்தத் தாள்களே சொல்லிவிடுகின்றன. பாடம் முடிந்த பின் அதே தாளில் வேறு நிற மையால் சேர்க்கவும் அடிக்கவும் சொன்னால், மாறியது எது என்பது மாணவருக்கும் தெரியும்.

குழுவாக வரைவதைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. நால்வர் ஒரு பெரிய தாளைச் சுற்றி அமர்ந்தால், பேனாவைப் பிடித்தவர் கற்கிறார், ஒருவர் வண்ணம் தீட்டுகிறார், மற்ற இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியே 5 நிமிடம் நினைவிலிருந்து வரைந்து, பிறகு இருவர் இருவராகத் தாள்களை அருகருகே வைத்து, ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத கோடுகளைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் இந்தச் சிக்கல் தீர்கிறது. கணினியா தாளா என்பதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. ஃபிரீமைண்ட், எக்ஸ்மைண்ட், சிமேப்டூல்ஸ் போன்ற மென்பொருள்களில் கிளைகளை இடம் மாற்றுவது எளிது. நீண்ட திட்டப்பணிக்கு அது உதவும். 15 நிமிட வகுப்புப் பணிக்குத் தாளே விரைவானது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு, உள்தள்ளி எழுதிய வரிப்பட்டியல் மனவரைபடம் தரும் அதே அடுக்கை அப்படியே தருகிறது என்பதையும், நிறத்தை மட்டும் நம்பிய வரைபடம் நிறக்குருடு உள்ளவருக்கு எதையும் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக மதிப்பெண். மனவரைபடத்துக்கு மதிப்பெண் தரத் தொடங்கியதும் அது ஓவியப் போட்டியாக மாறிவிடுகிறது. அழகாக எழுதுபவர் எப்போதும் வெல்கிறார். நோவாக்கும் பாப் கோவினும் 1984இல் கருத்து வரைபடத்துக்கு முன்வைத்த மதிப்பீட்டு முறையில், பொருளுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் 1 புள்ளி, படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, படத்தின் வேறு வேறு பகுதிகளைச் சரியாகப் பிணைக்கும் முக்கியமான குறுக்கிணைப்புக்கு 10 புள்ளி. அந்த எண்களை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் குறுக்கிணைப்புக்கு அவர்கள் தந்த எடையை நான் வைத்துக்கொள்கிறேன். மனவரைபடத்துக்கு மதிப்பெண்ணே தருவதில்லை. நாளுக்கு ஐந்து பேரை அழைத்து, தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அவர்கள் வரைந்த கிளைகளில் ஒன்றை 2 நிமிடம் வாய்மொழியாக விளக்கச் சொல்கிறேன். யாரை அழைப்பேன் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை.